முதல் செமஸ்டர் சைக்காலஜி: கல்லூரி என்ன கேட்கும், பாடம் என்ன கேட்கும்?

கேள்வி, ஜூன் 9

என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம். பி.எஸ்சி. சைக்காலஜி சீட் கிடைச்சிருக்கு. எங்க வீட்டுல யாரும் இந்தப் படிப்புப் பக்கம் போனதில்ல. "மனசைப் பத்தின படிப்புதானே, ஈஸியா இருக்கும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. "சயின்ஸ் படிக்காதவளுக்கு மூளை, நரம்பெல்லாம் எப்படிப் புரியும், கணக்கு வேற இருக்காமே"னு மாமா சொல்றார். முதல் செமஸ்டர்ல என்ன எதிர்பார்ப்பாங்க? முடிச்சதும் சொந்தமா கவுன்சிலிங் சென்டர் வைக்கலாமா? படிச்சவங்க, பாடம் எடுக்கிறவங்க சொல்லுங்க.

ஜூன் 9, இரவு

தம்பி, நான் இதையே படிச்சவ. இப்ப ஒரு அரசு கலைக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா முதல் வருஷத்துக்கு எடுக்கிறேன். அந்த அக்கா சொன்னதும் சரியில்ல, மாமா சொன்னதும் சரியில்ல.

நிர்வாக விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். பொது உளவியல் தாளுக்கு நம்ம பக்கம் பெரும்பாலும் அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. அகமதிப்பீடுங்கிறது கிளாஸ் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்கணும். அஞ்சு யூனிட். பாடம் எங்கிருந்து வந்தது, எந்த முறைகள்ல ஆராயறாங்க, மூளையும் நரம்பும், புலனுணர்வு, கவனம், கற்றல், நினைவு, இப்படிப் போகும். ஊக்கம், உணர்ச்சி, அறிவுத்திறன், ஆளுமை எல்லாம் பல இடத்துல ரெண்டாவது செமஸ்டருக்குத் தள்ளிடுவாங்க. செய்முறை தனி. அதைப் பத்தி விரிவா எழுதணும், இன்னிக்கு முடியாது.

பிள்ளைங்க என்ன நினைச்சுக்கிட்டு வந்து உட்காருதுங்களோ, அதுதான் பெரிய சிக்கல். முகத்தைப் பார்த்தே மனசுல இருக்கிறதைச் சொல்லக் கத்துக் கொடுப்பாங்கன்னு நினைச்சு வர்றவங்க உண்டு. தன் வீட்டுல நடந்ததுக்கு விடை தேடி வர்றவங்க உண்டு. முதல் செமஸ்டர் இந்த ரெண்டையும் தராது. "இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கேட்கிற பழக்கத்தைத்தான் அது தரும். அந்தக் கேள்வி பிடிச்சுப்போனவங்களுக்கு இந்தப் படிப்பு ரொம்ப இனிக்கும்.

ஜூன் 10

மாமா சொன்ன கணக்குக்கு வர்றேன். ஆரம்பத்துல சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு), அவ்வளவுதான். நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துலயே திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கு. பத்தாம் வகுப்பு அறிவியல்ல நரம்பு மண்டலம்னு ஒரு பாடமும் இருக்கு. தங்கச்சியோட பழைய புத்தகம் பரண்ல கிடந்தா எடுத்து, இந்த ரெண்டு பாடத்தையும் கல்லூரி திறக்கிறதுக்குள்ள ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க. என் கிளாஸ்ல அட்டவணையைக் கோணாம போடறதுல, கூட்டிச் சரிபார்க்கிறதுல காமர்ஸ் பிள்ளைங்கதான் முன்னால நிப்பாங்க.

ஜூன் 10, பிறகு

இன்னொண்ணு சேர்க்கணும். கணக்குப் போடறது சுலபம். வந்த எண் எதைச் சொல்லுது, எதைச் சொல்லலங்கிறதுதான் கஷ்டம், அங்கதான் உழைக்கணும். போன் அதிகம் பார்க்கிற பிள்ளைங்களுக்கு மார்க் குறைவா இருக்குன்னு ஒரு கணக்கெடுப்புல வருதுன்னு வைங்க. போன்தான் மார்க்கைக் குறைச்சதுன்னு உடனே எழுதிடுவாங்க. மார்க் குறைஞ்ச பிள்ளை மனசு விட்டுப்போய் போனை எடுத்திருக்கலாம். வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லாததால ரெண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். ஒட்டுறவு, அதாவது ரெண்டு விஷயம் சேர்ந்தே மாறுறது, இருக்குங்கிறதாலயே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாது. முதல் யூனிட்ல இது நாலு வரியில வந்துட்டுப் போயிடும். நான் அதுல ஒரு வாரம் நிப்பேன். பாடம் பின்னால விழுதுன்னு எனக்குப் பேச்சு வரும், வரட்டும்.

ஜூன் 12

"தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல எப்படி எழுதுவா?"ன்னு மறுபடி கேட்டிருக்கீங்க. உண்மையான கஷ்டம் இதுதான், மூளையும் கணக்கும் இல்ல. பாட நூல்கள் எல்லாம் இங்கிலீஷ். பல கல்லூரியில இன்னும் மார்கன், கிங் எழுதின தடிப் புத்தகம்தான், அமெரிக்க மாணவர்களுக்காக எழுதினது. உதாரணம்கூட அவங்க ஊர் கல்லூரி விடுதி, அவங்க ஊர் விளையாட்டு.

நான் செய்த வழியைச் சொல்றேன். பி.எட். படிக்கிறவங்களுக்கான கல்வி உளவியல் புத்தகங்கள் தமிழ்ல நிறைய இருக்கு, பழைய புத்தகக் கடையில சல்லிசா கிடைக்கும். கற்றல், நினைவு, கவனம், ஊக்கம் எல்லாம் அதுல உண்டு. முதல்ல அதைப் படிச்சு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அப்புறம் இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்தா பாதி ஏற்கெனவே தெரிஞ்சதா இருக்கும். விடையில உதாரணத்தை அவ வீட்டுல இருந்தே எடுக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால ஒரு சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறின பாவ்லோவோட நாயை எல்லாரும் எழுதுவாங்க. இவ எழுதட்டும், கூடவே பால்காரர் மணிச்சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடற பூனையையும் எழுதட்டும். எந்தத் தூண்டல் இயல்பானது, எது பழக்கத்தால வந்ததுன்னு சரியா பிரிச்சுக் காட்டினா நான் முழு மார்க் போடுவேன். என்னோட திருத்தறவங்க பலரும் அப்படித்தான். தமிழ்லயே தேர்வு எழுத அனுமதி உண்டான்னு சேர்க்கை அன்னிக்கே துறையில கேட்டு வைங்க. கேட்க வெட்கப்பட்டு மூணு வருஷம் திணறின பிள்ளைங்களை எனக்குத் தெரியும்.

ஜூன் 15

செய்முறை. இதைப் பத்தி எழுதத்தான் உட்கார்ந்திருக்கேன்.

லேப்ன்னா ஆசிட், பர்னர் இருக்காது. ரெண்டு நாற்காலி, ஒரு மேசை, நடுவுல ஒரு மறைப்பு. சோதனை நடத்தறவர் எக்ஸ்பெரிமென்டர், எதிர்ல உட்கார்ந்து பதில் சொல்றவர் சப்ஜெக்ட். முதல் வருஷம் அநேகமா எல்லா இடத்துலயும் முல்லர்-லயர் கோடு வரும். ரெண்டு முனையிலயும் அம்பு உள்நோக்கி மடங்கின கோடு ஒண்ணு, வெளிநோக்கி விரிஞ்ச கோடு ஒண்ணு. நீளம் ஒண்ணாவே இருந்தாலும் விரிஞ்சது நீளமாத் தெரியும். 1889-ல வெளியானது. ஒரு கோட்டை நகர்த்தி நகர்த்தி "இப்ப ரெண்டும் சமம்"னு சப்ஜெக்ட் சொல்ற இடத்துல நிறுத்தி, அளவுகோல்ல எவ்வளவு பிசகுன்னு குறிக்கணும். பெருசுல இருந்து குறைச்சுக்கிட்டு வரணும், சின்னதுல இருந்து கூட்டிக்கிட்டும் வரணும். இடப்பக்கம், வலப்பக்கம் மாத்தணும். சப்ஜெக்டுக்குச் சொல்ற அறிவுறுத்தலை எல்லாருக்கும் அச்சு மாறாம ஒரே மாதிரி வாசிக்கணும். முடிஞ்சதும் "எப்படி இருந்துச்சு, எதைப் பார்த்து முடிவு பண்ணீங்க"ன்னு கேட்டு அவங்க சொன்னதையும் எழுதணும். அப்புறம் கணக்கு, அட்டவணை, விவாதம், முடிவு, ரெக்கார்டு நோட்டு, கையெழுத்து.

இதுல நடக்கிற ஒரு விஷயம் எனக்கு ஆறவே ஆறாது. சீனியர் அக்காவோட ரெக்கார்டை வாங்கி எண்ணை அப்படியே இறக்கிடறது. ஒரு வகுப்பே சோதனையே பண்ணாம நோட்டை முடிச்சிருக்கு, கையெழுத்தும் வாங்கியிருக்கு. மத்தப் பாடத்துல பார்த்து எழுதினா எழுதினவங்களுக்குத்தான் நஷ்டம். இங்க எதிர்ல உட்கார்ந்து அரை மணி நேரம் பொறுமையா பதில் சொன்ன ஒரு மனுஷியோட பதிலையே தூக்கிப் போடறோம்.

என் வகுப்புல ஒரு பொண்ணு. வீட்டுல தையல் வேலை, இவளும் துணி வெட்டுவா. முல்லர்-லயர்ல அவளுக்குப் பிசகு ரொம்பக் குறைவா வந்துச்சு. "மேம், எனக்கு மட்டும் தப்பா வருது, மத்தவங்க மாதிரி மாத்திக்கவா?"ன்னு கேட்டா. மாத்தாதே, ஏன் குறைஞ்சிருக்கலாம்னு விவாதத்துல எழுதுன்னு சொன்னேன். தையலாலதான்னு ஒரே ஆளை வச்சு முடிவு கட்டக் கூடாது, அதையும் எழுதுன்னேன். கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தா மாயை குறையும்னு நூறு வருஷத்துக்கு முன்னாலயே சோதிச்சிருக்காங்க. அவ கடைசி முயற்சிகள்ல பிசகு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சான்னு அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தா. எழுதினா. வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளியில இருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் நிறுத்திக் கேட்டார்.

ஜூன் 15, இரவு

முல்லர்-லயர்ன்னதும் நீலகிரி ஞாபகம் வருது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்னு ஒரு ஆங்கிலேய ஆய்வாளர். 1898-ல ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகள்ல இந்த மாதிரி சோதனைகள் பண்ணினார். அதுக்கப்புறம் 1901-02-ல நம்ம நீலகிரிக்கு வந்து தோடர்கள்கிட்டயும் பண்ணினார். இந்தக் கோட்டுக்கு இங்கிலாந்துக்காரங்க ஏமாந்த அளவு தோடர்கள் ஏமாறல. ஒரே நீளத்துல இருந்தாலும் படுக்கைக் கோட்டைவிடச் செங்குத்துக் கோடு நீளமாத் தெரியற மாயையில அப்படியே தலைகீழ், தோடர்களுக்குத்தான் அதிகம். படிக்காதவங்க எல்லா மாயைக்கும் சுலபமா ஏமாறுவாங்கன்னு அந்தக் காலத்துல யாராவது நினைச்சிருந்தா, அதுக்கு ஊட்டி மலையில இருந்தே பதில் வந்துடுச்சு. 1966-ல சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூணு பேரும் பல நாட்டு ஆட்களை வச்சு இதைப் பெரிசா பண்ணினாங்க, ஊருக்கு ஊர் மாறுதுன்னுதான் அதுலயும் வந்துச்சு. ஏன் மாறுதுங்கிறதுக்குச் சொன்ன காரணத்துலதான் இன்னும் வாதம்.

தேர்வுல இதைக் கேட்க மாட்டாங்க. ஆனா "மனிதர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்"னு புத்தகம் சொல்ற இடத்துல எல்லாம் "எந்த ஊர் மனிதர்கள்?"னு தங்கச்சி கேட்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை நமக்கு மத்தவங்களைவிடக் கூடவே இருக்கு.

ஜூன் 17

"பாடத்தோட வரலாறு ஜெர்மனியிலயே ஆரம்பிச்சு அமெரிக்காவுலயே முடியுதே"ன்னு என் மாணவி ஒருத்தி முன்னால கேட்டா. 1879-ல ஜெர்மனியோட லைப்சிக்ல வுண்ட்ங்கிறவர் உளவியலுக்கு ஆய்வகம் வச்சார், இதை எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க. 1916-லயே கல்கத்தா பல்கலைக்கழகத்துல உளவியல் துறை வந்தாச்சு. மைசூர்ல 1924. சென்னைப் பல்கலைக்கழகத்துல 1943. மைசூர்ல துறையை நடத்தின எம். வி. கோபாலஸ்வாமி வேற என்ன செஞ்சார் தெரியுமா? 1935-ல தன் வீட்டுலயே வானொலி நிலையம் வச்சு அதுக்கு ஆகாசவாணின்னு பேர் வச்சார். ஒரு சைக்காலஜி வாத்தியார்! நான் வகுப்புல இதைச் சொல்லும்போது பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

ஜூன் 18

அம்மா பயப்படறாங்கன்னு எழுதியிருக்கீங்க, "இவ எங்களையே ஆராய ஆரம்பிச்சிருவாளோ"ன்னு. ஆரம்பிப்பா. முதல் மாசத்துல அப்பாவுக்கு ஒரு நோய்ப் பேர், அத்தைக்கு ஒண்ணு, தனக்கு ரெண்டு வச்சிடுவாங்க. டாக்டருக்குப் படிக்கிறவங்களும் இப்படித்தான், படிக்கிற நோயெல்லாம் தனக்கே இருக்கிற மாதிரி தோணும். அதனாலதான் என் முதல் வகுப்புல ஒரு விதி சொல்றேன்: வீட்டு ஆட்களுக்கும் கிளாஸ் ஆட்களுக்கும் நோய்ப் பேர் வைக்கக் கூடாது. மனநோய்கள் பத்தின தாளே பின்னாலதான் வரும். வந்த பிறகும் நோயைக் கண்டறியற தகுதி இளநிலைப் பட்டத்தால வராது.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை லேசா விட எனக்கு மனசு வராது. நினைவு, பயம், இழப்பு பத்தி வகுப்புல பேசும்போது சில பிள்ளைங்களுக்கு உள்ளே பழைய வலி கிளறிடும். வகுப்பு சிகிச்சை ஆகாது, நானும் அவங்களுக்கு மருத்துவர் இல்ல. செமினார்ல சொந்தக் காயத்தைச் சொல்லித்தான் ஆகணும்னு யாரும் கேட்கக் கூடாது. கேட்டா மறுக்கலாம், மார்க் குறையாதுன்னு பிள்ளைங்ககிட்ட முன்கூட்டியே சொல்றேன். தாங்க முடியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும், தமிழ்லயே பேசலாம். இந்த எண்ணை தங்கச்சி போன்ல போட்டு வைங்க. அவளுக்குத் தேவைப்படாம போகலாம், பக்கத்து பெஞ்சுக்குத் தேவைப்படலாம்.

ஜூன் 19

ஒப்புதல். லேப்ல சப்ஜெக்டா உட்கார்ற தோழிக்கு "வேண்டாம்"னு எழுந்து போற உரிமை உண்டு. முதல் நாள்லயே தங்கச்சி இதைக் கத்துக்கணும். 1920-ல அமெரிக்காவுல வாட்சன், ரேனர்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஆல்பர்ட்னு பேர் வச்ச ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, பின்னால இரும்புக் கம்பியில அடிச்சு, பயத்தைப் பழக்கினாங்க. அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டாங்க. இதைக் கற்றல் யூனிட்ல "பரிசோதனை, விளைவு"ன்னு ரெண்டு வரியில எழுதினா மார்க் வரும். நான் எடுக்கும்போது குழந்தையைப் பத்தியும் பேசிட்டுத்தான் நகருவேன்.

ஜூன் 21

"பாடம் கேள்வி கேட்கச் சொல்லுது, சரி. பரீட்சை என்ன கேட்குது?"ன்னு கேட்டீங்க. நேர்மையா சொல்றேன், பரீட்சை பெரும்பாலும் மனப்பாடத்தைத்தான் கேட்குது. வரையறு, வகைகளை எழுது, விவரி. ஜூன் 9-ல எழுதினதைப் படிச்சுட்டு, கேள்வி கேட்டாலே பாஸ் ஆயிடலாம்னு யாரும் எடுத்துக்க வேணாம். வரையறை தெரியணும், பேர் தெரியணும், வருஷம் தெரியணும்.

ஆனா எப்படி மனசுல ஏத்தறதுன்னு இந்தப் பாடமே சொல்லித் தருது. 2006-ல ரோடிகர், கார்பிக் ரெண்டு பேரும் பண்ணின சோதனை. ஒரு பத்தியை ஒரு குழு நாலு தடவை படிச்சுது. இன்னொரு குழு ஒரு தடவை படிச்சுட்டு, பார்க்காம மூணு தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப நாலு தடவை படிச்ச குழுதான் முன்னால. ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, படிச்ச குழுவுக்கு 40. முந்தின ராத்திரி திரும்பத் திரும்ப வாசிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஏன் தோணுது, ஒரு வாரத்துல ஏன் காணாமப் போகுதுன்னு இதுல தெரியும். புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத் தாள்ல எழுதிப் பார்க்கச் சொல்லுங்க. வராத இடத்தை மட்டும் திறந்து பார்க்கட்டும். நான் ஒவ்வொரு வகுப்பையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன், போன வகுப்புல என்ன பார்த்தோம்னு நோட்டைத் திறக்காம அஞ்சு வரி. மார்க் கிடையாது. முதல்ல முணுமுணுப்பாங்க, செமஸ்டர் முடிவுல அவங்களே கேட்டு வாங்கி எழுதுவாங்க.

ஜூன் 21, கூடுதல்

பாட நூல்ல வர்ற எல்லாமே உறுதியானதுன்னு நினைக்க வேணாம். 1848-ல அமெரிக்காவுல ரயில் பாதை வேலையில கம்பி ஒண்ணு தலையைத் துளைச்சுப் போன ஃபினியஸ் கேஜ் எல்லாப் புத்தகத்துலயும் உண்டு, "அதுக்கப்புறம் ஆளே மாறிட்டார்"னு முடிச்சிடுவாங்க. அதே ஆள் பிறகு சிலி நாட்டுக்குப் போய் வருஷக்கணக்குல குதிரை வண்டி ஓட்டியிருக்கார். அது பல புத்தகத்துல வராது. 2015-ல உளவியல் ஆய்வுகள் 100-ஐ எடுத்துத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. முதல்ல வந்த மாதிரியே தெளிவான முடிவு மறுபடி வந்தது நாற்பது சதவீதத்துக்கும் கீழ. இதைச் சொன்னா பிள்ளைங்க முகம் வாடும், "அப்ப எதைத்தான் நம்பறது?"ன்னு. தன்னைத் தானே திரும்பச் சோதிச்சு, வந்ததை மறைக்காம வெளியிட்ட துறைன்னு எனக்கு இதுல பெருமைதான்.

ஜூன் 24

கவுன்சிலிங் சென்டர் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல. பி.எஸ்சி. முடிச்சதும் வைக்கிறது கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்க இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும். 1992 சட்டப்படி அந்தக் கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு வேணும். ரொம்ப நாளா அது முதுநிலைக்கு மேல ரெண்டு வருஷ எம்.ஃபில்., பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் மாதிரி இடங்கள்ல, மருத்துவமனைப் பயிற்சியோட. புதிய கல்விக் கொள்கை வந்த பிறகு இந்தப் பாதை மாறிக்கிட்டிருக்கு, அதனால அந்தந்த வருஷம் கவுன்சில் அறிவிப்பைப் பார்த்துதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு, தொலைதூர வழியிலயோ ஆன்லைன்லயோ சைக்காலஜி பட்டம் சேர்க்கக் கூடாதுன்னு யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திடுச்சு. வீட்டுல இருந்தே முடிச்சிடலாம்னு யாராவது ஏஜென்ட் சொன்னா பணம் கட்டிடாதீங்க.

பதிவு இல்லாம போர்டு மாட்டினவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய்ட்டு வந்து இன்னும் உடைஞ்சு போனவங்களையும் பார்த்திருக்கேன். அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

ஜூலை 3

சேர்ந்துட்டான்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ரெக்கார்டு நோட்டு எது வாங்கறதுன்னு கேட்டிருக்கா. துறையில சொல்ற அளவுதான், ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. சாதாரண கால்குலேட்டர் போதும். ஸ்டாப்வாட்ச் லேப்ல இருக்கும், வேலை செய்யலன்னா போன்ல வச்சுக்கலாம்.

தரவு அட்டவணையை மட்டும் பேனாவால எழுதச் சொல்லுங்க, சோதனை நடக்கும்போதே. தப்பா எழுதிட்டா அழிக்க வேணாம், ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதட்டும். அடிச்சு எழுதியிருக்குன்னு சில இடத்துல நோட்டைத் திருப்பி அனுப்புவாங்க. அப்ப வேற தாள்ல நகல் எழுதிக் கொடுக்கட்டும், மூலத்தைக் கிழிக்காம பத்திரமா வச்சுக்கட்டும்.